நதி போடும் கணக்கு

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஓடும் வே நதியில் படகுப் போக்குவரத்து தொடங்கியது 1653-இல். அந்த நீர்வழி இன்று வெய்பிரிட்ஜிலிருந்து கொடால்மிங் வரை சுமார் 20 மைல். காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏழடி அகலமே உள்ள நீண்ட ‘நேரோபோட்’ படகில் போகிறவர்கள் இதற்கு இரண்டு நாளாவது ஒதுக்குகிறார்கள்.

அவர்கள் போடும் கணக்கு வேறு. வழியில் படகை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு மதகையும் ஒரு மைலாக எண்ணி, தூரத்தோடு கூட்டி, மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்பது வந்துவிடும். காத்திருப்பதும் பயணம்தான் என்று ஒத்துக்கொள்கிற கணக்கு, நமக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மதகுக் கதவின் கனத்த மரக்கட்டையில் முதுகைச் சாய்த்து எவ்வளவு தள்ளினாலும், இரு பக்கமும் நீர் சமமாகும்வரை அது அசையாது. சமமானதும் மெல்ல நகரும். பலத்துக்கு அங்கே இரண்டாம் இடம்.

கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகப் போக வேண்டும். இல்லையென்றால் அவற்றில் இருப்பவர்களின் தேநீர் தளும்பும். நம் அவசரத்தின் செலவைப் பெரும்பாலும் அடுத்தவர்தான் கட்டுகிறார்.

பெருமழை பெய்து வெள்ளம் ஏறினால் எல்லாப் படகும் நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் அட்டவணையில் ஒரு நாளைக் காலியாகவே விடுகிறார்கள். அந்த நாளுக்கென்று கொஞ்சம் டீத்தூளும் ஒரு தடித்த புத்தகமும் எடுத்துப்போனால் போதும்.