எந்த ஃபீடரை நிறுத்துவது?

2018 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, மடிப்பாக்கத்தில் நான் குடியிருந்த மாடி வீட்டின் சின்ன அறையில் ஒரு பிட்காயின் மைனிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் நீளம், நான்கு கிலோ சொச்சம் எடை, முன்னும் பின்னும் ஒவ்வொரு ஃபேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பக்கத்து அறையில் யாரோ மிக்ஸியைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோனால் எப்படி இருக்கும்? அந்தச் சத்தம், இரவும் பகலும்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சத்தத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பத்தாவது நாளோ என்னவோ, மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மேல என்ன லோடு ஓட்றீங்க?"

"ஒரு கம்ப்யூட்டர் மாதிரி சார். 1,350 வாட்."

"நைட்டுமா?"

"நிறுத்தவே கூடாது சார்."

அவர் மனக்கணக்கு போட்டார். ஒரு நாளைக்கு 32 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,950 யூனிட் பக்கம். ஐந்நூறைத் தாண்டினால் அப்போது யூனிட்டுக்கு ஆறு ரூபாய் அறுபது காசு. பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வரும் என்று எனக்கே சொன்னார். பில்லைக் கட்டுவது நான்தான் என்பதால் அது அவர் கவலை இல்லை. அவர் கேட்டது வேறு: "அது நின்னுபோச்சுன்னா யாருக்காவது ஏதாவது ஆகுமா?"

"எனக்கு நஷ்டம் ஆகும் சார்" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வியைச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது இறங்க மூன்று வருடமாயிற்று.

மெஷின் செய்கிற வேலையை அவருக்கு விளக்க முயன்றிருக்கிறேன். பிட்காயின் பரிமாற்றங்களை எழுதிவைக்க ஒரு பொதுக் கணக்குப் புத்தகம். பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும். அந்தப் பக்கத்தை யார் ஒட்டுவது என்பதற்கு ஒரு போட்டி. பக்கத்தில் உள்ள விவரங்களோடு ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து ஷா-256 என்கிற கணக்கில் போட்டால் விடை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வர வேண்டும். எந்த எண் என்று கண்டுபிடிக்கக் குறுக்கு வழி கிடையாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். என் மெஷின் ஒரு நொடிக்கு 13.5 லட்சம் கோடி தடவை போட்டுப் பார்த்தது. ஏறக்குறைய எல்லாமே தப்பு. தப்பான விடைகளை அது எங்கேயும் எழுதிவைப்பதில்லை. அவை வெப்பமாக மாறி அறைக்குள் வந்துவிடும். ஏப்ரல் மாதச் சென்னையில் அது என்ன அறை என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஜூனில் ஒரு போர்டு போனது. உள்ளே மூன்று போர்டுகள், ஒவ்வொன்றிலும் 63 சிப். திருவிழாவில் மரத்தில் சுற்றுகிற சீரியல் செட் மாதிரி இவை ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோத்திருக்கும். தகவலும் சிப்பிலிருந்து சிப்புக்குக் கைமாறித்தான் போக வேண்டும், மின்னழுத்தமும் அப்படியே பங்கிடப்படுகிறது. நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பவை உயிரோடிருந்தும் பயனில்லை. ரிச்சி தெருவில் ஒரு பையன் அரைமணி நேரம் மல்டிமீட்டரை வைத்துத் தேடி, செத்த சிப்பைக் கண்டுபிடித்தான். "அண்ணே, எல்லாம் தூசி. ஹீட்சிங்க் முழுக்க உப்பு பூத்திருக்கு. கடல் காத்து" என்றான். தப்பு என்னுடையதுதான். ஜன்னலைத் திறந்துவைத்து, வெளிக்காற்றை அப்படியே உள்ளே இழுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த மெஷினை நான் கவனித்துக்கொண்டது போல வேறெதையும் கவனித்ததில்லை. கொசுவலைத் துணியில் ஃபில்டர் தைத்தேன். சூடான காற்று திரும்ப உள்ளே வராமல் அட்டையில் குழாய் கட்டினேன். சிப்புகளின் வேகத்தைக் குறைத்து மின்னழுத்தத்தையும் இறக்கினேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, மின்சாரம் அதைவிட நிறையக் குறைந்தது. ஃபேன் சத்தம் தாழ்ந்தது. 41 நாள் ஒரு ரீஸ்டார்ட் கூட இல்லாமல் ஓடியது. ஆபீசில் நான் எழுதிய எந்த மென்பொருளும் அப்படி ஓடியதில்லை.

அந்தப் பெருமையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்தேன். பொறியியல் படித்தவனுக்கு ஒரு தைரியமான நம்பிக்கை உண்டு: எதையும் குறைந்த செலவில், பழுதில்லாமல் செய்தால் அதில் ஒரு நன்மை ஒட்டிக்கொண்டிருக்கும். பம்ப்செட்டின் திறனைக் கூட்டினால் அதே தண்ணீருக்குக் குறைந்த மின்சாரம் போதும். எல்இடி பல்பு வந்தால் அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்சாரம் போதும். இங்கே அந்தக் கணக்கு உடைகிறது. 2,016 பக்கத்துக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிட்காயின் தன் புதிரின் கடினத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். எல்லாருடைய மெஷினும் வேகமானால் புதிர் அதற்கேற்பக் கடினமாகும். பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்பது மாறாது. நான் மிச்சப்படுத்திய மின்சாரம் ஊருக்கு மிச்சமாகவில்லை. எனக்குக் கட்டுப்படியாகும் நாட்களை நீட்டித்தது, அவ்வளவுதான்.

2016-ல் வந்த நல்ல மெஷின்கள் ஒரு டெராஹாஷுக்கு நூறு ஜூல் அளவில் எடுத்தன. 2020-ல் அது முப்பதுக்கு வந்தது. 2023-ல் பதினேழரை. ஏழு வருடத்தில் ஐந்து மடங்குக்கு மேல் முன்னேற்றம் என்பது எந்தத் துறையிலும் கைதட்ட வேண்டிய விஷயம். அதே ஏழு வருடத்தில் பிட்காயின் எடுத்துக்கொண்ட மொத்த மின்சாரம் பல மடங்கு கூடியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டில் 2023-ல் சுமார் 120 டெராவாட் மணி. தமிழ்நாடு முழுக்க, ஆலை, வயல், வீடு எல்லாம் சேர்ந்து ஓராண்டில் செலவழிப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

போட்டியில் இல்லாதவன் வீட்டு வாசலுக்கும் இது வந்து நிற்கும். நியூயார்க் மாநிலத்தின் வடக்கு மூலையில் பிளாட்ஸ்பர்க் என்று ஒரு சின்ன நகரம், இருபதாயிரம் பேர் இருப்பார்கள். நீர்மின் நிலையத்திலிருந்து மிக மலிவான மின்சாரம் அந்த ஊருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, 104 மெகாவாட் என்று வரம்போடு. மலிவு என்பதாலேயே பல வீடுகளில் குளிர்காய்வதும் மின்சாரத்தில்தான். அதே மலிவைத் தேடி மைனிங் செய்பவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2018 ஜனவரியில் கடுங்குளிர். ஒதுக்கீடு தாண்டியது. தாண்டியதை வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்கி, அந்தச் செலவை எல்லார் பில்லிலும் பகிர்ந்தார்கள். ஹீட்டர் போட்ட கிழவிக்கும் அதில் பங்கு. அந்த மார்ச்சில் நகரம் புதிய மைனிங் கூடங்களுக்கு பதினெட்டு மாதத் தடை விதித்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் ஊர் அது.

அவர்கள் தடை விதித்த அடுத்த மாதம் நான் மெஷின் வாங்கினேன். செய்தியைப் படித்திருந்தேன். நான் ஒற்றை ஆள், ஒரே மெஷின், காசு கொடுத்துத்தானே வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் கைக்கு வந்தது வீட்டு இணைப்பு. அந்த விலை குடும்பங்களை மனதில் வைத்துப் போட்டது. பிளாட்ஸ்பர்க்கில் நூறு பேர் செய்ததை நான் ஒரு மீட்டரில் செய்தேன்.

"காசு கொடுத்து வாங்குகிறேன், எது வீண் என்று நீ யார் சொல்ல?" என்கிற வாதத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. என் நண்பன் ஒருவன் தீவிர பிட்காயின் பக்தன். அவன் கேட்பான்: ராத்திரி கிரிக்கெட்டுக்கு ஃப்ளட்லைட், ஏசி போட்ட கல்யாண மண்டபம், காலி ஆபீசில் எரிகிற விளக்கு, இதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் பிடிக்கிறாய்? அவன் சொல்வதில் இன்னொரு கூர்மையான விஷயமும் உண்டு. அந்தச் செலவுதான் பூட்டு. புத்தகத்தைத் திருத்த நினைக்கிறவன் அத்தனை மின்சாரத்தையும் தானும் எரிக்க வேண்டும் என்பதால்தான் யாரும் திருத்துவதில்லை. அரசையோ வங்கியையோ நம்ப முடியாத நாட்டில் இருப்பவனுக்கு அந்தப் பூட்டின் மதிப்பு சென்னையில் சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரியாது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2021-ல் நடந்ததைப் பாருங்கள். மே, ஜூனில் சீனா மைனிங்கை மொத்தமாக விரட்டியது. உலகத்தின் மெஷின்களில் பாதியளவு சில வாரங்களில் அணைந்தன. கொஞ்ச நாள் பக்கங்கள் மெதுவாகச் சேர்ந்தன. ஜூலை 3 அன்று புதிர் 28 சதவீதம் எளிதாகியது. புத்தகம் ஓடிக்கொண்டேயிருந்தது, பூட்டையும் யாரும் உடைக்கவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் எதேரியம் இந்த முறையையே கைவிட்டு, தன் மின்சாரச் செலவில் 99.9 சதவீதத்துக்கு மேல் விட்டொழித்தது. (பணமுள்ளவன் கையில் அதிகாரம் போகும் என்று அதற்கும் ஒரு குறை சொல்வார்கள். மெஷினை மட்டும் ஏழையா வாங்குகிறான்?)

டெக்சாஸ் கதை இதைவிட வேடிக்கை. 2023 ஆகஸ்டில் அங்கே கடும் வெயில், மின்கட்டம் திணறியது. ரயாட் என்கிற பெரிய மைனிங் நிறுவனம் தன் மெஷின்களை அணைத்து வைத்ததற்கும் ஒதுக்கிவைத்திருந்த மின்சாரத்தை விட்டுக்கொடுத்ததற்குமாக அந்த ஒரு மாதத்தில் 3.17 கோடி டாலர் வரவு பெற்றதாக அறிவித்தது. அதே மாதம் அவர்கள் எடுத்த பிட்காயின் 333. அணைத்ததில் கிடைத்தது, ஓடியதில் கிடைத்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மைனிங்கை ஆதரிப்பவர்கள் இதைப் பெருமையாகவே சொல்கிறார்கள்: ஆஸ்பத்திரியை அணைக்க முடியாது, இரும்பாலையைச் சட்டென்று அணைக்க முடியாது, எங்களை ஒரு நொடியில் அணைக்கலாம், அதனால் நாங்கள் மின்கட்டத்துக்கு நண்பர்கள். தொழில்நுட்பக் கணக்கில் அது சரியும் கூட. கீழ் வீட்டுக்காரரின் கேள்விக்கு அவர்களே, கேட்காமலே, பதில் சொல்லிவிட்டார்கள் என்று அப்போது தோன்றியது.

அவரிடம் போய் இதைச் சொன்னேன். அந்த வீட்டைக் காலி செய்து இரண்டு வருடம் ஆகியும் போக்குவரத்து இருந்தது. அவர் தன் வேலைக் காலத்தைப் பற்றிச் சொன்னார்.

"லோடு தாங்காம ஏதாவது ஒரு ஃபீடரை நிறுத்துன்னு மேல இருந்து சொல்லுவாங்க தம்பி. எதை நிறுத்தறது? எதை நிறுத்தினா போன் வராதோ அதைத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. 2012-ல் நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கரூர் பக்கத்து எங்கள் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இருக்காது. சென்னையில் இரண்டு மணி நேரம். அப்பா விசைத்தறி ஓட்டினார். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் தறிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுப்பார். இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு எழுந்து ஓட்டுவார். நாங்கள்தான் போன் வராத ஃபீடர்.

"அப்ப போன் வராத இடமெல்லாம் தேவையில்லாத இடமா சார்?"

"யார் சொன்னா? போன் பண்ண ஆள் இல்லாத ஊரு வேற. போன் பண்ண விஷயமே இல்லாத லோடு வேற. ரெண்டும் எங்களுக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுது, அதான் பாவம்."

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு என் பிழைப்பையும் அளந்து பார்த்தேன். ஒரு விளம்பரப் பட்டன் பச்சையாக இருந்தால் அதிகம் அழுத்துகிறார்களா, நீலமாக இருந்தாலா என்று கண்டுபிடிக்கிற மென்பொருளில் ஐந்து வருடம் வேலை செய்திருக்கிறேன். அதற்கும் எங்கேயோ ஒரு கூடத்தில் சர்வர்கள் சூடாகிக்கொண்டிருந்தன. நின்றால் கம்பெனி போன் பண்ணும். வேறு யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். மைனிங் மெஷினுக்கும் அதற்கும் நான் காண்கிற ஒரே வித்தியாசம், மெஷின் அதை மறைக்கவில்லை.

2018 நவம்பரில் விலை விழுந்தது. நாளுக்கு வருவது கரண்ட் பில்லுக்கே போதவில்லை என்றானதும் அணைத்தேன். மனசாட்சி அணைக்கவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும். எட்டு மாதத்தில் 0.12 பிட்காயின் சேர்ந்திருந்தது. 2021 பிப்ரவரியில் அதை விற்று, வந்த நான்கு லட்சத்துச் சொச்சத்தைத் தங்கையின் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்தேன். வாசலில் இருந்து மேடை வரை சீரியல் செட். ஏசி ஹால். வீட்டுக்காரரும் வந்திருந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் ஏதோ கம்ப்யூட்டர்ல சம்பாதிச்சதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மெஷின் அவர் வீட்டுப் பரணில்தான் கிடந்தது. ஷா-256 தவிர வேறெதுவும் அந்தச் சிப்புகளுக்குத் தெரியாது, ஒரு கூட்டல் கணக்குக்குக் கூட உதவாது. இப்படிப்பட்ட மெஷின்களின் சராசரி ஆயுள் ஒன்றேகால் வருடம் சொச்சம் என்று 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அவர் கூப்பிட்டார். பழைய சாமான்காரர் ஹீட்சிங்க்குகளைப் பெயர்த்து அலுமினியத்தை மட்டும் எடை போட்டு எடுத்துக்கொண்டார். போர்டுகளை வேண்டாம் என்றார். ஃபேன் இரண்டையும் வீட்டுக்காரர் கழற்றி வைத்துக்கொண்டார். ஒன்றைப் பழைய மோடம் அடாப்டரில் மாட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்தில் ஓட விட்டிருக்கிறார். மெதுவாகத்தான் சுற்றுகிறது.