பொய் இரையும் மெய் இரக்கமும்

மனிதனின் கைவேலைகளுள் சில, பார்த்த அளவிலேயே நம்மைச் சிந்திக்க வைத்துவிடுகின்றன. சுண்டுவிரல் நீளமே உள்ள ஒரு பொய் மீன் அண்மையில் நம்மை அவ்வாறு சிந்திக்க வைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கோடை விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக ஆறு வாரங்கள் பணியாற்றச் சென்றிருந்தோம். அப்பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர், ஒரு சனிக்கிழமை விடியலில் தம் படகில் நம்மை ஏரிக்கு அழைத்துச் சென்றார். கரையிலேயே பெட்டியைத் திறந்து, அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தப் போவதாகச் சொல்லி, புத்தம்புதிய இரை ஒன்றை நம் உள்ளங்கையில் வைத்தார். "முள்ளைப் பார்த்துப் பிடியுங்கள், ஃபாதர்" என்றார்.

முதற்பார்வையில் அது ஒரு விளையாட்டுப் பொருளாகவே தோன்றியது. தலையும் வயிறும் ஒரு துண்டு. வால் மற்றொரு துண்டு. இரண்டையும் சிறு கம்பி வளையம் இணைத்திருந்தது. வாய்க்குக் கீழே கண்ணாடி போன்ற ஒரு தகடு முன்னோக்கி நீண்டிருந்தது. அசைத்தால் உள்ளிருந்த சிறு குண்டுகள் கலகலவென ஒலித்தன. செதில்கள் ஒவ்வொன்றாகத் தீட்டப்பட்டிருந்தன. அளவுக்கு மீறிப் பெரிதான கண், அச்சத்தில் விழித்தது போல் இருந்தது. உயிருள்ள மீனை நன்கு அறிந்த ஒருவர்தாம் இதைச் செய்திருக்க வேண்டும் என்று எண்ணினோம். ஆனால் நடுவில் ஏன் இந்த வெட்டு? உயிரைப் போலச் செய்ய விரும்பியவர் உடலை ஏன் இரண்டாக்கினார்?

விடை தண்ணீருக்குள் கிடைத்தது. முதியவர் நரம்பைச் சுற்றி இழுக்க, முன்தகடு நீரில் மோதி இரையை ஆழத்துக்கு அமிழ்த்தியது. தலை ஒரு பக்கம் ஒதுங்க, வால் மறுபக்கம் துவண்டது. அவர் இழுப்பதை நிறுத்தியதும் அது தளர்ந்து மெல்ல மேலெழுந்தது. "நலமாக நீந்தும் மீனைப் பாஸ் அவ்வளவாகத் துரத்தாது, ஃபாதர். அடிபட்டதைத்தான் தேடும். இழுக்கும்போது அல்ல, நிறுத்தும்போதுதான் பெரும்பாலும் கவ்வும்" என்றார் அவர். அம்மூட்டு இருப்பது உயிரைக் காட்டுவதற்காக மட்டுமன்று, நோவைக் காட்டுவதற்காக.

இக்கலைக்கு அம்மாநிலத்திலேயே நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டவாஜியாக் என்னும் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் மரத்தில் தவளை வடிவம் செதுக்கிப் பாஸ் மீனைப் பிடித்தார். கையிலிருந்த மரத்துண்டைச் சீவி அவர் குளத்தில் எறிய, மீன் பாய்ந்து அதைத் தாக்கியதே தொடக்கம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பின்லாந்தில் லௌரி ரப்பாலா என்ற ஏழை மீனவர், மீன் கூட்டத்தில் தடுமாறி நீந்தும் ஒன்றையே பெரிய மீன்கள் குறிவைப்பதைக் கண்டார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளைப் போர்த்தி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, அத்தடுமாற்றத்தையே இரையாக்கினார். பாஸ் மீனோ கண்ணால் மட்டும் வேட்டையாடுவதில்லை; உடலின் இருபக்கமும் ஓடும் உணர்வுக் கோட்டால் நீரின் அதிர்வை அறிகிறது. ஆகவே பொய் இரை அதன் கண்ணுக்கு மட்டுமின்றி மேனிக்கும் பொய் சொல்லவேண்டியிருக்கிறது.

அன்று காலை மூன்றாம் முறை வீசியபோது ஒரு பாஸ் மாட்டியது. முதியவர் கையை நனைத்துக்கொண்டு, அகன்ற அதன் கீழ்த்தாடையைப் பிடித்து, முள்ளை நீக்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு நீரிலே விட்டுவிட்டார். பிறகு நம் பக்கம் திரும்பிக் கேட்டார்: "உண்பதற்காகவும் இல்லை. ஏமாற்றிப் பிடிக்கிறேன், காயப்படுத்துகிறேன், விட்டுவிடுகிறேன். இது பாவமா, ஃபாதர்?"

குருமடத்தில் கற்றது நினைவுக்கு வந்தது. கேள்வியை இரண்டாகப் பிரித்தோம். மீனை ஏமாற்றுவது பொய்யா என்பது ஒன்று. மீனைத் துன்புறுத்துவது தகுமா என்பது மற்றொன்று.

முதலாவதற்கு விடை எளிது. தன் உள்ளத்தில் உள்ளதற்கு மாறாகப் பேசுவதே பொய் என்பது அக்குவினா தோமையாரின் விளக்கம். போரில் பகைவரிடமிருந்து திட்டத்தை மறைத்துப் பதுங்கியிருப்பதை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. கொடுத்த வாக்கை மீறுவதையே குற்றமாகக் கொண்டார். மீனுக்கும் நமக்கும் இடையே சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் வாக்கும் இல்லை. சிலந்தி வலை பின்னுவது போன்றதே இத்தந்திரம். எனவே இது பொய்யன்று என்றோம்.

இரண்டாவது அவ்வளவு எளிதன்று. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் உழவர் இத்தகைய பொய் இரை ஒன்றால் 22 பவுண்டு 4 அவுன்சு, அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல், எடையுள்ள பாஸ் மீனைப் பிடித்தார். உலகச் சாதனையான அம்மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு உண்டார். அது பஞ்ச காலம். பசிக்கு விளக்கம் தேவையில்லை. 1972இல் ரே ஸ்காட் என்பவர் தம் பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு விடும் வழக்கத்தைப் பரப்பினார். ஏரிகளில் மீன்வளம் குன்றாதிருக்க அது உதவியது. ஆயினும் உண்ணும் நோக்கமே இல்லாமல், விட்டுவிடுவதற்கென்றே பிடிப்பதைச் சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. ஒரு நாடு இரக்கம் என்று கருதுவதை மற்றொரு நாடு கொடுமை என்கிறது! மீனின் வாயருகே காயத்தை உணரும் நரம்புகள் உண்டென்று 2003இல் ஆய்வாளர்கள் காட்டினர். அவ்வுணர்வு நாம் அறியும் வலிதானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. 'தேவையின்றி' என்ற ஒரு சொல்லில் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது.

இவற்றையெல்லாம் சொல்லி, "ஐயமுள்ள இடத்தில் துன்பத்தைக் குறைப்பதே நமது கடமை" என்று முடித்தோம். முதியவர் ஒன்றும் பேசவில்லை. குறடை எடுத்து, இரையில் இருந்த முட்களின் எதிர்க்கொக்கிகளை ஒவ்வொன்றாக நசுக்கித் தட்டையாக்கினார். இனி முள் எளிதில் கழன்றுவிடும். மீன் தப்பவும் கூடும். நம் நீண்ட விளக்கத்தைவிட அவருடைய அச்செயல் தெளிவாக இருந்தது.

அவர் நிம்மதியடைந்தார். நம் நிம்மதிதான் போயிற்று. நோவைப் போலச் செய்து உயிரை இழுக்கும் அக்கருவி, நாம் என்றோ செய்த ஒன்றை நினைவூட்டிற்று.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய சிற்றூரில் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகிற்று. நன்கொடை கேட்டுப் பலமுறை அறிவித்தும் பயனில்லை. ஒரு ஞாயிறு மறையுரையில், மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்து, படுக்கையிலும் தன் பாடப் புத்தகத்தைக் கேட்டு அழுத ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னோம். இடையில் குரலைத் தழதழக்க விட்டோம், சற்று நிறுத்தினோம். அந்த நிறுத்தத்தில்தான் மக்கள் கண்ணைத் துடைத்தனர். கூரை உண்மை; சிறுமி பொய். கைம்பெண்ணான ஒரு தாய் தம் காதுத் தோட்டைக் கழற்றித் தட்டில் போட்டார். அடுத்த வாரம் அவர் கேட்டார்: "சாமி, அந்தப் பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு?" "நன்றாக இருக்கிறாள், அம்மா" என்றோம். முதற்பொய்யைக் காக்க இரண்டாம் பொய்.

கூரை எழும்பிற்று. பிள்ளைகள் நனையாமல் படித்தனர். நன்மைக்காகத்தானே என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொண்டோம். ஆனால் புனித அகுஸ்தினார் இதே வாதத்தை ஏற்கவில்லை என்பதை நாம் அறிவோம். ஒளிந்து வாழும் பேதகரைக் கண்டுபிடிக்க, அவர்களுள் ஒருவராக நடிக்கலாமா என்று கொன்சென்சியுஸ் என்பவர் எழுதிக் கேட்டபோது, கூடாது என்று ஒரு நூலே எழுதினார் அவர். பொய்யைக் கொண்டு உண்மைக்குள் அழைத்துவர முயன்றால், வருபவர் நம் சொல்லில் எதை நம்புவார்?

படகில் அமர்ந்திருந்தபோது மற்றொன்றும் புலப்பட்டது. பாஸ் மீன் பொய் இரையை நாடி வருவது, நலிந்ததை விழுங்க. அந்தத் தாய் நம் பொய்யை நாடி வந்தது, நலிந்ததைக் காக்க. மீனின் பசியை ஏமாற்றுவதா பெரிது, மனிதரின் இரக்கத்தை ஏமாற்றுவதா? பசி மறுநாளும் வரும். இரக்கமோ ஒருமுறை ஏமாந்தால், அடுத்த முறை மெய்யாகவே அழும் குழந்தையையும் ஐயத்தோடு பார்க்கும். மீனிடம் இல்லாத சொல், அந்தத் தாய்க்கும் நமக்கும் இடையே இருந்தது. முதியவருக்கு நாம் சொன்ன விடை சரியானதே. அது நம்மை விடுவிக்கும் விடையன்று.

ஊர் திரும்பியதும் அச்சிற்றூருக்குச் சென்றோம். அத்தாய்க்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. குரலைக் கொண்டு அடையாளம் கண்டார். திண்ணையில் அமர்ந்து, அப்படி ஒரு சிறுமி இருந்ததில்லை என்று சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அப்போ எந்தப் பிள்ளைக்கும் அந்தக் காய்ச்சல் வரலையா, சாமி? அது நல்லதுதான்" என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, "ஆனா நான் தினமும் அவளுக்காக வேண்டிக்கிட்டேனே. அதெல்லாம் யாருக்குப் போயிருக்கும்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்போம். அவர் அறிந்துகொள்வதற்காகவே கேட்டார். "அம்மா, மெய்யாகவே ஒழுகும் கூரையின்கீழ் நனைந்த பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தார்கள்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"அதைச் சொல்லியிருந்தாலும் தோட்டைக் கொடுத்திருப்பேனே, சாமி" என்றார் அவர்.