கூடுதுறைக்கு மேலே

பவானி காவிரியோடு கலக்கும் கூடுதுறையில் நீராடி, முன்னோருக்கு நீர்க்கடன் செலுத்தும் சமயவுணர்வு ஆற்றைத் தெய்வமாகவே காண்கிறது; எனினும் அந்த ஆறு பிறக்கும் நீலகிரி மேட்டுநிலத்துச் சதுப்புகளை அவ்வழிபாடு எட்டுவதில்லை. ஆற்றின் புனிதம், அதற்கு நீர் சுரக்கும் சேற்றுக்கும் உண்டா என்பது நீரியலுக்கு மட்டுமல்லாமல் சமயத்துக்கும் உரிய கேள்வி.

சதுப்பில் நீர் நிறைந்து காற்றுப் புகாததால், முழுதும் மட்காத தாவர எச்சம் அடுக்கடுக்காகப் படிந்து பீட் எனப்படும் கரிய மண்ணாகிறது. அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசியும் இம்மண்படிவு, நீலகிரியில் 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. மழைநீரை உள்வாங்கி, கோடையில் ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுவது அதன் இயல்பு. அதை வடிகால் வெட்டி உலர்த்திக் காய்கறியும் தேயிலையும் பயிரிட்டனர். சுற்றியுள்ள புல்வெளிகளில் சீகையையும், கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும் நட்டனர். நீலகிரியின் கிளென்மார்கனில் அருகருகே உள்ள நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்ட ஆய்வில், கற்பூர மரம் நட்ட முதல் பத்தாண்டில் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடும், வெட்டியபின் மீண்டும் தழைத்த அடுத்த சுற்றில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தது. புவி வெப்பமும் இதனோடு சேர்கிறது: உலர்ந்த பீட் வெம்மையில் விரைந்து மட்குகிறது, மழையோ சில நாள்களில் கொட்டித் தீர்க்கும் போக்கு வலுக்கிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவான 82 செ.மீ. மழையைப் போன்றதை, நலமான சதுப்பும் முழுதாகத் தாங்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொடையைப் பேசும் அறநூல்கள், பெறுவோரின் தகுதியைப் பாத்திரம் என்ற சொல்லால் குறிக்கின்றன. மழையை வானின் கொடை என்று போற்றும் மரபு, அதை ஏற்கும் மலை பாத்திரமாக இருக்கிறதா என்று கேட்கத் தவறியதாகவே தோன்றுகிறது. கோடையில் ஓடை வற்றும்போது, வானம் பொய்த்தது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது, ஏனெனில் பெய்த மழையைத் தாங்கிவைக்கும் இடத்தை அழித்தவை மனிதக் கைகள்.

நீரின் புனிதம் அதன் பிறப்பிடத்துக்கும் உண்டா என்ற கேள்வியை, நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் மரபு ஓடையின் தலைமாட்டிலேயே எதிர்கொண்டது. கோயிலாகவும் விளங்கும் பால்மனைக்கு ஓர் ஓடை, வீட்டுப் பயனுக்கு வேறோர் ஓடை, அல்லது ஒரே ஓடையின் தனித்தனிப் பகுதிகள் என அவர்கள் வகுத்திருந்ததை, மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். இங்கே புனிதம் என்பது புகழ்ச்சியாக நில்லாமல், பயன்பாட்டுக்கு மனிதர் தாமே விதித்துக்கொண்ட வரம்பாகிறது. அக்கோயில்களின் கூரை வேய உரிய அவ்ஃபுல் என்னும் புல்லும் சதுப்பிலேயே வளர்கிறது. சதுப்பு உலர்ந்த இடத்தில், பால்மனைக்கான நீரும் வீட்டுக்கான நீரும் ஒருங்கே குறைவதோடு, தெய்வத்தின் கூரைக்கு வேண்டிய புல்லையும் தொலைவில் தேடிச் செல்ல வேண்டியதாகிறது.