சுண்டுவிரல் கணக்கு

காபி குடித்தால் ரசிப்பீர்களா? பிடித்த சாப்பாடு கிடைத்தால்? வெந்நீரில் குளித்தால்? நண்பரிடமிருந்து போன் வந்தால்? நாலு பேர் பாராட்டினால்? இந்த மாதிரி 14 வாக்கியங்கள். 1995-இல் வெளியான ஸ்னெய்த்-ஹாமில்டன் இன்ப அளவுகோல் இதுதான். கடந்த சில நாள்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ‘ரசிக்க மாட்டேன்’ என்பதற்குத் தலா ஒரு மதிப்பெண். மொத்தம் இரண்டைத் தாண்டினால் மருத்துவர் கவனிப்பார். ‘அன்ஹெடோனியா’ (இன்பமின்மை) என்று 1896-இல் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ பெயர் வைத்த குறையை, இன்றும் பெரும்பாலும் இப்படித் தாளில்தான் அளக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு நெருடல். இவர்கள் கேட்பது கையில் இருக்கும் காபியைப் பற்றி அல்ல, கற்பனைக் காபியைப் பற்றி. மனச்சோர்வில் இருப்பவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரையே கொடுத்துச் சோதித்தபோது, பல ஆய்வுகளில் அவர்களும் மற்றவர்களைப் போலவே இனிப்பை ரசித்திருக்கிறார்கள். அப்படியானால் குறைந்துபோனது எது?

2009-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் டிரெட்வே குழுவினர் வேறு வழியில் போனார்கள். இரண்டு வேலை, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். சுலபமானது, பழகிய கையின் ஆள்காட்டி விரலால் 7 நொடியில் 30 முறை பொத்தானைத் தட்டுவது. பரிசு 1 டாலர். கடினமானது, பழகாத கையின் சுண்டுவிரலால் 21 நொடியில் 100 முறை, பரிசு 4.30 டாலர் வரை போகும். ஜெயித்தாலும் பணம் கைக்கு வர எவ்வளவு வாய்ப்பு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இன்பமின்மை அதிகம் இருந்தவர்கள் சுண்டுவிரல் பக்கம் போவது குறைவாக இருந்தது. முயன்று பாருங்கள், ஐம்பதைத் தாண்டுவதற்குள் விரல் கடுக்க ஆரம்பிக்கும்.

என் பெரியப்பாவை இந்தச் சோதனைதான் எனக்குப் புரியவைத்தது. ரிடையர் ஆன பிறகு சாயங்கால ரம்மிக்குப் போவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டால், “நீங்க போங்கப்பா, எனக்கு அதெல்லாம் சலிச்சுப்போச்சு” என்பார். வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஒருநாள் விடாப்பிடியாகக் கூட்டிப்போனோம். கால் மணி நேரத்தில், “யோவ், ஜோக்கரைப் போய் எவனாவது கழிச்சுவிடுவானா?” என்று பழைய குரலில் அதட்டல். சீட்டு சலிக்கவில்லை; சட்டை மாற்றிச் செருப்பை மாட்டுவதுதான் முடியவில்லை. அந்தத் தாளை வீட்டில் நீட்டியிருந்தால் ஒரு பதில், ஆட்டத்தின் நடுவே நீட்டியிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பார்.

எல்லோருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நாக்குக்கே ருசி மங்கிப்போனவர்களும் உண்டு. ஆசை வரட்டும் என்று காத்திராமல் செயலை முதலில் வை என்று உளவியலாளர் லெவின்சன் 1970-களில் தொடங்கிவைத்த சிகிச்சை முறையிலும் சிறிய செயல்களாகப் பொறுக்கி, படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். நம் சொந்தக்காரர்களோ “வெளியே போய்ட்டு வா, சரியாயிடும்” என்று ஒரே வாக்கியத்தில் வைத்தியம் முடிப்பார்கள். நூறு தட்டு தட்ட வேண்டியது யார் விரல்?

இப்போது பெரியப்பாவை யாரும் “வர்றீங்களா?” என்று கேட்பதில்லை. ஐந்தரைக்கு நண்பர் ஸ்கூட்டரோடு வாசலில் நிற்பார். கட்டின வேட்டியோடு ஏறிக்கொள்ளலாம். பெட்ரோல் செலவு அன்று தோற்றவர் கணக்கில்.