உயிர்பேணும் உணவு வீணாமோ

உயிரொன்று தன்னைப் பேணுதற்பொருட்டு உண்ணும் உணவு வீண் எனப்படுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. இவ்வினா வெறும் வாதத்தின்பொருட்டு எழுந்ததன்று. புலாலுண்ணாமையைப் போதிக்கும் ஆசிரியர் பலர், மாட்டிறைச்சி பெறுதற்குத் தானியம் மிகுதியாய்ச் செலவாகின்றது, ஆதலால் அது தகாது என மாணாக்கர்க்குக் கணக்குக் காட்டுகின்றனர். அக்கணக்கு யாரால் எதன்பொருட்டு வகுக்கப்பட்டதென அறிந்தபின்னரே அதனைக் கையாளுதல் நன்று.

ஐக்கிய அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்ப்போர், தாம் இடும் தீனியில் எவ்வளவு ஊனாகின்றதென அறிய விரும்பினர். பென்சில்வேனியாவில் ஆம்ஸ்பி என்பவர், எருதொன்று உள்ளே நிற்கத்தக்க அறையொன்றை அமைத்து, அதன் உடலினின்று வெளிப்படும் வெப்பத்தை 1902-ஆம் ஆண்டு முதல் அளந்தார். பிராணிகளின் நிறை இருமடங்காயின் வெப்பம் இருமடங்காகாது, ஏறக்குறைய 1.7 மடங்கே ஆமெனக் கலிபோர்னியாவில் கிளைபர் என்பவர் 1932-இல் காட்டினார். அந்நெறியைத் தழுவி லாஃப்கிரீன், காரட் என்னும் இருவர் 1968-இல் வகுத்த கணக்கின்படி, 400 கிலோகிராம் நிறையுள்ள எருது, ஊன் கூடாமலும் குறையாமலும் இருத்தற்கு மாத்திரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6,900 கிலோகலோரி சத்தி வேண்டும். குருதி ஓடுதல், மூச்சு விடுதல், தேய்ந்த தசை புதுப்பிக்கப்படுதல் என்பனவெல்லாம் இதனுள் அடங்கும். கன்றீனும் இறைச்சியினப் பசுவோ ஆண்டு முழுதும் உண்ணும் சத்தியில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கினை இவ்வாறே செலவிடும்.

வளர்ப்போன் இதனைச் செலவென்று எழுதுகின்றான். 1963-இல் கோச் முதலியோர், ஒவ்வொரு மாடும் தன் நிறைக்கும் வளர்ச்சிக்கும் எதிர்பார்க்கத்தக்க அளவினும் எவ்வளவு கூடவோ குறையவோ உண்கின்றதெனக் கணிக்கும் முறையை வகுத்தனர். குறைய உண்பவற்றை இனவிருத்திக்குத் தெரிந்தெடுத்தல் அதன் பயன். அளத்தலிற் குற்றமில்லை, தீனியைக் கொட்டிச் சிதறுதல் எவர்க்கும் புண்ணியமன்று. எனினும் அவ்வெருது கணக்கேட்டைப் படிக்க வல்லதாயின், செலவென்ற இடத்தில் வரவென்றும் வரவென்ற இடத்தில் செலவென்றும் திருத்திவிடும். அதற்கு உயிர்வாழ்தலே பயன், ஊன்பெருக்கம் பிறர்க்குரியது. வீண் என்னுஞ் சொல் கணக்கெழுதுவோனுடைய நோக்கத்தைக் குறிப்பதன்றிப் பொருளின் இயல்பைக் குறிப்பதன்று.

இனி நம்மாசிரியர் காட்டுங் கணக்கை நோக்குவாம். கொழுப்பூட்டும் பட்டியில் எருது ஒரு கிலோ நிறை கூடுதற்கு உலர்ந்த தீனி 6 அல்லது 7 கிலோ உண்ணும். மெய்யே. ஆயின் அவ்வெருது பட்டிக்கு வருமுன் பன்மாதம் புல்வெளியில் மேய்ந்தது. மனிதன் உண்ணவியலாத புல்லைச் செரிக்கச்செய்யும் வன்மை அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உண்டு. உலகத்துக் கால்நடைகள் உண்ணுந் தீனியில் நூற்றுக்கு 86 பங்கு மனிதர்க்கு உணவாகாதென 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. மாணாக்கனொருவன் இதனை எடுத்துக்காட்டினால் ஆசிரியர் யாது விடை சொல்வார்?

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நன்கு பேணப்பட்ட இறைச்சிக்கோழி ஒரு கிலோ நிறை கூடுதற்கு 2 கிலோவுக்கு உட்பட்ட தீனியே போதும். தீனிச்செலவே குற்றத்தின் அளவாயின், மாட்டை விடுத்துக் கோழியைக் கொல்லுதல் அறமென முடியும். ஓர் எருதின் ஊனுக்கு ஈடாக நூற்றைம்பதின் மேற்பட்ட கோழிகள் மடியும். உயிர்க்கொலையை விலக்கப் புகுந்த வாதம் அதனைப் பெருக்கி நின்றது காண்க.

அற்றேல் அக்கணக்காற் பயனில்லையோவெனின், உண்டு. பஞ்சகாலத்தில் தானியத்தை யார்க்கு முன்னர் அளித்தல் தகுமென நிச்சயித்தற்கும், நிலத்தையும் நீரையும் பகிர்ந்துகொள்ளுதற்கும் அஃது உதவும். கொல்லாமைக்குக் காரணமோ வேறு: கொல்லப்படும் உயிர் வாழ விரும்புகின்றது. அந்த 6,900 கிலோகலோரியும் நாடோறும் அவ்விருப்பம் நிறைவேறுதற்கே செல்கின்றது.

ஈண்டு நம்மை நோக்கியும் ஒரு வினா எழும். பால் வற்றிய பசுவை, இனி இதற்கு வைக்கோலிடுதல் வீண் என்று கூறி வியாபாரிக்கு விற்போர் புலாலுண்ணாதாருள்ளும் உளர். அவர் அமெரிக்கப் பட்டிக்காரனுடைய கணக்கேட்டையே கையாளுகின்றார். இறைச்சி நின்ற இடத்திற் பால் நிற்கின்றது, அவ்வளவே. பால் வற்றியபின் பசுவுக்கு வேண்டும் உணவு கறந்த காலத்தினுங் குறைவு என்பதும் அவ்வேட்டிலேயே காணக்கிடக்கின்றது.