பூட்டிய அறையும் அடைக்கலப் பொருளும்

வீட்டைக் காலி செய்ய நேரும் குடும்பங்கள் இன்று எதிர்கொள்ளும் ஒரு கேள்வி, நம் பாட்டனார் காலத்தில் இந்த உருவில் எழுந்ததில்லை. மகனுக்குப் பணி மாறுதல்; மகளுக்குத் துபாயில் வேலை; தனித்திருந்த தாயைப் பிள்ளைகள் தங்களோடு அழைத்துச் செல்லத் தீர்மானிக்கிறார்கள். அப்போது வீட்டிலுள்ள கட்டிலையும் பீரோவையும் பித்தளை அண்டாவையும் என்ன செய்வது? சென்னையின் புறநகர்களில் இதற்கென்றே வாடகை அறைகள் வந்துவிட்டன. 'செல்ஃப் ஸ்டோரேஜ்' என்பது அவற்றின் பெயர். பெரியதொரு கிடங்கைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றையும் மாத வாடகைக்கு விடுகிறார்கள். சாமான் நம்முடையது, பூட்டும் நம்முடையது, சாவியும் நம் கையில். 1960-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேரூன்றிய இவ்வழக்கம், அந்நாட்டில் இன்று 50,000-க்கும் மேற்பட்ட கிடங்குகளாகப் பெருகியிருக்கிறது. நம் பெருநகரங்களுக்கு இது வந்து நெடுங்காலம் ஆகவில்லை.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த கூனிமேடு போன்றதோர் ஊரில் நின்று இக்கேள்வியை நோக்குவது பயனுடையது. பொருளைக் காத்து வைப்பது எத்துணைக் கடினம் என்பதை அறிந்த கரை அது. மரக்காணத்து உப்பளங்களில் கோடை முழுதும் வாரிய உப்பை, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அம்பாரமாகக் குவித்து, கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடி வைக்கிறார்கள். மூட்டம் சற்று விலகினாலும் மாதக்கணக்கான உழைப்பு கரைந்து மீண்டும் கழிக்கே போய்விடும். வீட்டுச் சாமானுக்கும் அங்கே பகை அதே உப்புதான். கடற்காற்று இரும்பு பீரோவின் அடித்தகட்டை முதலில் அரிக்கும். பிறகு கதவின் கீலை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல் என அடுத்தடுத்துக் கண்ட கரை அது. அத்தகைய வேளைகளில் மனிதர் கையில் எடுத்துக்கொண்டு ஓடுபவை குடும்ப அட்டை, நிலப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் நகை ஆகியவையே. மற்றவை பின்தங்கிவிடும். ஆயினும் அமைதியான காலத்தில் வீட்டைக் காலி செய்யும்போது, அந்த மற்றவைதாம் நம் மனத்தை அலைக்கழிக்கின்றன.

காப்பறையைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டிய உலகியல் செய்திகள் சில உண்டு. அவற்றைச் சொல்வது குருவின் வேலையா என்று யாரேனும் கேட்கலாம். ஏமாறாதிருக்க ஏழைக்கு உதவுவதும் நம் வேலைதான். முதலாவது, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும், 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதை மறந்துவிட்டு, வாடகை குறைவென்று தரைத்தளத்தில் அறை எடுப்பது அறிவுடைமை அன்று. கிடங்குக்காரரைக் கேட்பதைவிட அதே தெருவிலுள்ள தேநீர்க் கடையில் கேட்டால், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரைத் தொட்டே காட்டிவிடுவார்கள். மரச் சாமானைத் தரையில் படாமல் பலகையின் மேல் வைக்க வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையைவிடப் பழைய பருத்திப் புடவையால் போர்த்துவது மேல். கரையான் மருந்து அடிப்பது யார் பொறுப்பு, வாடகை இரண்டு மாதம் தவறினால் சாமான் என்னவாகும், காப்பீடு உண்டா என்பவற்றைக் கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்க வேண்டும். கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 3,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டில் 1,80,000 ரூபாய். அறைக்குள் இருக்கும் சாமான் அத்தனையையும் விற்றால் அதில் பாதி தேறுமா?

கையெழுத்திடும் தாளில் இன்னொரு நுட்பமும் உள்ளது. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டினது. ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் ஒப்படைத்தால், பெற்றவர் அதைச் சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்கக் கடமைப்பட்டவர் என்று அதன் 151-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் பொருளை ஒப்படைக்காமல் வெறும் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டால்? 'உள்ளே என்ன இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது; சாவி உங்களிடம் இருக்கிறது' என்று கிடங்குக்காரர் கையை விரித்துவிட இடமிருக்கிறது. வங்கிப் பெட்டகங்களைப் பற்றிய வழக்கொன்றில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வங்கிகள் இவ்வாறு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி ஈடு தர வேண்டும். வெள்ளமும் நிலநடுக்கமும் விதிவிலக்கு. வங்கியின் அசட்டை அவற்றில் கலந்திராத வரை, அவை 'கடவுளின் செயல்' என்னும் தலைப்பில் சேரும். வழக்கறிஞர்கள் எதை எதையோ கடவுளின் கணக்கில் எழுதுகிறார்கள், அது இருக்கட்டும்.

சட்டம் இவ்வளவு சுற்றி வளைத்து அடைய முயல்வதை நம் முன்னோர் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி செய்த குற்றம் ஒன்றுமில்லை. கோவலன் கொலையுண்டதற்கு அவள் எவ்வகையிலும் காரணமல்லள். எனினும் அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று தீயில் புகுந்து மாய்ந்தாள் என்கிறது அக்காப்பியம். அவளது முடிவை நாம் போற்ற இயலாது. ஆனால் ஒப்படைக்கப்பட்டதற்குத் தன் உயிரையே ஈடாகக் கருதிய அந்த மனத்தை நினைத்துப் பார்க்கலாம். கூனிமேட்டில் வாழும் இசுலாமிய அன்பர்கள் இதையே 'அமானிதம்' என்கிறார்கள். நபிகள் நாயகம் 622-இல் மெக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அந்நகரத்தார் தம்மிடம் வைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலியை அங்கே விட்டுச் சென்றார் என்பது அவர்களது மரபு. அவரைத் துரத்தியதும் அதே நகரந்தான். அண்டை வீட்டாரின் பொருளைக் காப்பவனுக்கு விடுதலைப் பயண நூலும் விரிவான சட்டம் வகுத்திருக்கிறது.

ஊர்ப் பழக்கத்தில் இது எளிமையாகவே நடந்தது. பெட்டியைச் சித்தப்பா வீட்டுப் பரணில் ஏற்றுவார்கள். குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் அடுத்த வீட்டு அத்தையிடம் போகும். அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்றடியிலேயே கிடக்கும். அதில் துன்பமும் உண்டு என்பதை மறைப்பானேன்! கட்டிலின் கால் உடைந்திருக்கும். பானையில் புதிய நசுங்கல் தெரியும். பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்தவர் முகம் சுளிப்பார். காத்துக் கொடுத்தவர் மனம் புண்படும். அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனதற்கு ஒரு பித்தளை அண்டா காரணமாக இருந்த வீடுகள் இல்லையா? ஒருவருடைய சிறிய வீட்டில் நம் பொருளைத் திணித்து, அவர் நடமாடும் இடத்தைக் குறைப்பதைவிட, உரிய வாடகை கொடுத்து ஓர் அறையை எடுப்பது நீதியானது என்றே நாம் கருதுகிறோம். இரண்டு ஆண்டு வேலைக்காக வெளியூர் செல்பவர் அவ்வாறு செய்வதில் பழுதில்லை.

பொருளைச் சேர்த்து வைப்பதையே குற்றமாகப் பேசும் மறையுரைகளும் உண்டு. லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் அறிவற்ற செல்வனை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் தொடக்க நூலில் யோசேப்பும் களஞ்சியங்களைக் கட்டினார். ஏழாண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்தார். அவரை யாரும் அறிவற்றவர் என்னவில்லை. வேறுபாடு எங்கே? யோசேப்பு மூடும்போதே திறக்கும் காலத்தை அறிந்திருந்தார். யாருக்காகத் திறக்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். உவமையில் வரும் செல்வனோ தன்னோடு மட்டுமே பேசுகிறான். அவன் திட்டத்தில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வேலையாள் இல்லை, அண்டை வீட்டான் இல்லை. நான்காம் நூற்றாண்டில் செசாரியா நகரில் இதே உவமையை விளக்கிய புனித பசிலியார், பெட்டியில் மடித்து வைத்திருக்கும் அங்கி அது இல்லாதவனுக்கு உரியது என்னும் கருத்தை அஞ்சாது முன்வைத்தார். புறநகர் காப்பறையில் ஐந்தாண்டாகப் பூட்டிக் கிடக்கும் கட்டிலைக் கண்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

எனவே அறையின் நீள அகலத்துக்கு முன் கேட்க வேண்டியது, இதைத் திறக்கப் போவது யார், எப்போது என்பதே. இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுவது வெளிநாடு செல்பவர்களிடம் அன்று; முதிய பெற்றோரிடம். கடலோர ஊரில் தனியே வாழ்ந்த ஒரு தாயைத் தாம்பரத்துக்கு அப்பால் பத்தாவது மாடியில் இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். அன்பினால்தான் அழைத்து வருகிறார்கள், அதில் ஐயமில்லை. அவருடைய சாமான் அங்கே அடங்காது, காப்பறைக்குப் போகிறது. 'என் பீரோ எங்கேப்பா?' என்று அவர் கேட்கும்போதெல்லாம், 'பத்திரமா இருக்கும்மா' என்று மகன் சொல்கிறான். சொன்னது பொய்யில்லை. பீரோ பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தாய் கேட்டது பீரோவை அன்று. 'நான் திரும்பப் போவேனா?' என்பதே அக்கேள்வி. ஊரிலுள்ள வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்த்தாயிற்று, அல்லது விலையே பேசியாயிற்று என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல நாவெழாத ஒரு செய்தியைச் சொல்லாமல் வைத்திருக்க மாதந்தோறும் வாடகை கட்டப்படுகிறது.

இது கருணை என்று வாதிடுவோர் உண்டு. அவர்களை எளிதில் மறுத்துவிட முடியாது. உடல் தளர்ந்த ஒருவரிடமிருந்து நம்பிக்கையைப் பறிப்பதால் யாருக்கு என்ன பயன்? ஆயினும் நம் தீர்ப்பு வேறு. அப்பொருள்கள் அவருடையவை. எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. தாய் தந்தையை மதித்து நட என்னும் கட்டளையில் அவர்களைக் குழந்தைகளாக நடத்துவது அடங்காது. உண்மை தெரிந்தால் அழுவார்; இரண்டு நாள் உண்ண மாட்டார். பிறகு, வெண்கலப் பானை இன்னாருக்கு, தையல் இயந்திரம் அந்த எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, திருக்குடும்பப் படம் என்னோடு வரட்டும் என்று தாமே சொல்லத் தொடங்குவார். தம் கையால் கொடுக்கும் அந்த இன்பம், பிள்ளைகள் அறையைப் பூட்டியதால் எத்தனையோ பெற்றோருக்குக் கிட்டாமல் போகிறது. அவர் மறைந்த பின் அதே பொருள்களைப் பங்கிடும்போது, யாருக்கு எதைத் தர நினைத்திருந்தார் என்று கேட்கவும் ஆள் இருக்காது.

திரும்பிப் போகும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் நிலைமை வேறு. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில் ஊர் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அறையை எடுங்கள். நல்ல அறையாக, இரண்டாம் மாடியில் எடுங்கள். சாமான் பட்டியலை அவர் சொல்லச் சொல்லப் பேரக்குழந்தை எழுதட்டும். ஒப்பந்தத் தாளில் முடியும் தேதியை அவரே பார்க்கட்டும். வண்டி வைத்து ஒரு முறை அங்கே கூட்டிச் சென்று, கதவைத் திறந்து காட்டுங்கள். ஒரு சாவியை அவருடைய சுருக்குப் பையிலேயே போட்டுவிடுங்கள்.