வாசி நீங்கிய காசு

சோழ வளநாட்டிலே திருவீழிமிழலை என்றொரு திருத்தலம் உண்டு. திருநாவுக்கரசு நாயனாரும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் அடியார் கூட்டத்தோடு அங்கே எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்தது, ஆறு வற்றியது, ஊர் பசியால் வாடியது. அடியார் படும் துன்பத்தைக் கண்டு உள்ளம் நொந்திருந்த இரு பெருமக்களின் கனவிலும் எம்பெருமான் தோன்றி, பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவதாகத் திருவாய் மலர்ந்தருளினார். கிழக்குப் பீடத்தில் ஒரு காசு சம்பந்தருக்கு; மேற்குப் பீடத்தில் ஒரு காசு அப்பருக்கு. இரண்டு திருமடங்களிலும் உலை ஏறியது. வந்தவர்க்கெல்லாம் அமுது படைக்கப்பட்டது.

இக்காலத்து மொழியிலே சொல்வதானால் அது ஒரு நிவாரண நிதி. கொடுத்தவர் இறைவன், பொறுப்பேற்றவர்கள் நாயன்மார், பயனடைந்தவர்கள் பசித்த மக்கள். அதற்குக் காலவரையறையும் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. அப்பர் மடத்தில் உரிய வேளைக்குச் சோறு ஆகிவிடும். சம்பந்தர் மடத்திலோ பிந்தியே ஆகும். காரணம் யாதென்று பிள்ளையார் மடத்தாரை வினவினார். அவர்கள் சொன்ன விடை இதுதான்: “அரசின் காசைக் கடைக்காரர் கண்டவுடனே ஏற்றுக்கொண்டு பண்டம் தருகிறார்கள். நம்முடைய காசுக்கு வாசி கேட்கிறார்கள்.” வாசி என்றால் காசை மாற்றும்போது கழிக்கின்ற வட்டம். ஒரே இறைவன் கொடுத்த காசு, ஒரே ஊர், ஒரே பஞ்சம். ஒன்று முழுக்காசு, மற்றது கழிவுக்காசு!

சம்பந்தப் பெருமான் சினந்தாரில்லை. காரணத்தைத் தம் உள்ளத்திலே தேர்ந்து அறிந்தார். அப்பர் கையிலே உழவாரம் இருந்தது. தள்ளாத வயதிலும் திருவீதியிற் புல்லைச் செதுக்கிக் கைத்தொண்டு செய்தவர் அவர். மேனி வருந்தித் தொண்டு செய்த கைக்கு வந்த காசுக்கு வாசி இல்லை. இதை அறிந்த பிள்ளையார், காசின் குறை தீருமாறு இறைவனைப் பதிகம் பாடி வேண்டினார். மறுநாள் முதல் அந்தக் குறையும் நீங்கியது. சேக்கிழார் சுவாமிகள் இவ்வரலாற்றைப் பெரியபுராணத்திலே விரித்துரைக்கின்றார்.

இப்புராணத்தை நமது கிராமங்களோடு பொருத்திப் பார்ப்பது தகும். இன்று ஊருக்கு உதவிப் பணம் பல வழிகளில் வருகின்றது. அரசாங்க ஒதுக்கீடு வருகின்றது. தொண்டு நிறுவனங்களின் மானியம் வருகின்றது. கனடா, இலண்டன், சுவிஸ் என்று சிதறி வாழும் ஊரவர்களின் அன்பளிப்பு வருகின்றது. புறப்படும்போது முழுத்தொகையாகவே அது புறப்படுகின்றது. வாய்க்கால் கரைக்கு வந்து சேரும்போது எவ்வளவு? அலுவலகச் செலவு, வாகனச் செலவு, ஒப்பந்தகாரரின் இலாபம், திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை, சிற்றுண்டி. இவை எல்லாம் வாசிதான்.

வாசி குறைய வேண்டுமாயின் ஊரவரின் மண்வெட்டியும் அந்தக் காசோடு சேரவேண்டும். 2024இல் மறைந்த ஆரியரத்ன அவர்கள் 1958ஆம் ஆண்டு கொழும்பு நாளந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று ஊரவரோடு சேர்ந்து உடலுழைப்பிலே ஈடுபடச் செய்தார். சர்வோதய இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. சிரமதானம் என்ற சொல் இலங்கையின் மூலை முடுக்கெல்லாம் பரவியது. பின்னர் 1980களில் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் கூடிப் பெருந்தொகை வழங்கின. 1990களில் அவை கையைச் சுருக்கியபோது, அத்துணை பெரிய இயக்கமே நெருக்கடிக்குள்ளாகி ஊழியர்களைக் குறைக்க நேர்ந்தது. மண்வெட்டியோடு தொடங்கிய இயக்கத்துக்கே அந்நிலை என்றால், மண்வெட்டியைத் தொடாமலே மானியத்துக்கு விண்ணப்பிக்கும் சங்கங்களின் நிலை என்னவாகும்?

நமது மண்ணிலே இதற்கு முன்னோடி ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, மிஷன் பாடசாலைகளுக்குக் கடல் கடந்த பணமும் அரசாங்க உதவியும் இருந்தன. நாவலரிடம் இருந்தது பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலையிலே இடுவதற்கு முன் ஒரு பிடியைத் தாய்மார் வேறாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடிக்கு வாசி இல்லை. கொடுத்தவள் அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்ப்பாள். ஆசிரியர் வந்தாரா, பிள்ளை படித்ததா என்று கேட்பாள். தன் அரிசி அங்கே இருக்கின்றது அல்லவா? இலட்சக்கணக்கில் வந்த கட்டடத்தைப் பற்றி அப்படிக் கேட்பார் இல்லை. “அது அவர்கள் கட்டித் தந்தது” என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் உலகமே அள்ளிக் கொடுத்தது. அந்த ஈரத்தை மறப்பது பாவம். ஆயினும், சில கரையோரங்களில் முன்பிருந்ததிலும் அதிகமான சிறு படகுகள் வந்து குவிந்தன. வேறிடங்களில் படகு இழந்தவனுக்குப் படகு கிடைக்கவில்லை. கேட்டு அறியாமல் கொடுத்ததால் வந்த குறை அது. பெறுகின்றவர்களிடமும் குறை உண்டு. “வருவதை வேண்டாம் என்பானேன்” என்று, ஊருக்குக் குடிநீர் தேவையாயிருக்க, தருவதாகச் சொன்ன மண்டபத்துக்குத் தலையாட்டியவர்கள் எத்தனை பேர்! வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் துணிவும் பெறுகின்றவனுக்குரிய தருமமே.

இனிக் கணக்கு. இதைச் சொன்னால் பலருக்குக் கசக்கும். “எல்லாரும் ஓர் ஊரவர், சொந்தக்காரர், எழுத்து எதற்கு?” என்பார்கள். சொந்தக்காரர் என்பதனாலேயே எழுத்து வேண்டும். காசேடு நாள்தோறும் எழுதப்படாத சங்கத்தில் களவு நடந்திராவிட்டாலும் சந்தேகம் நடக்கும். சந்தேகம் வந்தால் அண்ணன் தம்பி கதைபேச்சு நிற்கும், அடுத்த வருடம் சிரமதானத்துக்கு ஆள் வராது. பொருளாளர் நேர்மையானவராக இருப்பது போதாது. அவருடைய நேர்மைக்குப் பற்றுச்சீட்டும் வவுச்சரும் சாட்சி சொல்லவேண்டும். இல்லாவிடில் அந்த நல்ல மனிதருக்கே அநீதி.

ஆலயத்திலே சண்டேசுர நாயனார் சந்நிதியில் நாம் கைகளைத் தட்டி வணங்குகிறோம். சிவசொத்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று இரு கைகளையும் காட்டுவதாக அதற்குப் பெரியோர் பொருள் சொல்வர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் சண்டேசுரர் பெயராலேயே நடந்தன. சிவபெருமானுடைய சொத்துக்கே ஒரு பொறுப்பாளர் வேண்டியிருந்தது! “சிவன் சொத்து குல நாசம்” என்று அஞ்சி ஆலயத் தேங்காய் ஒன்றைத் தொடாதவர், மதகு கட்ட வந்த சீமெந்தில் இரண்டு பையைத் தம் வீட்டு மதிலுக்குத் திருப்பக் கூசுவதில்லை. அந்த மதகு இடிந்தால் வயலிலே நிற்பது யாருடைய நெல்? அந்த நெல்லில்தானே பொங்கலும் நைவேத்தியமும்.

பெயர்ப்பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு குழாய்க்கிணற்றுக்கு மூன்று பலகைகள் உண்டு. கிணற்றிலே நீர் இல்லை. திங்களூரிலே அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்தார், குளம் தொட்டார், சோலை வளர்த்தார். அத்தனைக்கும் தாம் கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசின் பெயரையே இட்டார். வழிப்போக்கராய் வந்த அப்பர் தம் பெயரைக் கண்டு வியந்து, “உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?” என்று கேட்டபோது, எதிரே நிற்பவர் இன்னார் என்று அறியாத அப்பூதியடிகளுக்குக் கோபமே வந்தது. கொடுத்தவர் பெயர் இருக்கலாம். நன்றி சொல்வது குற்றமன்று. பலகைக்குப் பூசும் வண்ணத்தில் ஒரு பங்காவது கிணற்றுக்கும் செலவாகட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, திட்டம் முடிந்தபின் என்ன என்பது. நீர்ப்பம்பி பழுதானால் யார் திருத்துவது? மின்சாரப் பட்டியலை யார் கட்டுவது? பம்பி அறைத் திறப்பு யாரிடம்? மாதம் வீட்டுக்கு ஒரு சிறுதொகை என்று தொடக்கத்திலேயே கூட்டத்தில் தீர்மானித்து, வங்கியிலே தனிக் கணக்கில் இட்டு வைத்த ஊர்களில் நீர் ஓடுகின்றது. அப்படிச் செய்யாத இடங்களில், நிறுவனத்தார் திரும்பி வருவார்கள் என்று துருப்பிடித்த குழாயருகே குடத்தோடு காத்திருக்கிறார்கள்.

பஞ்சம் தீரும்வரை என்பதுதான் வீழிமிழலையிலே எம்பெருமான் கொடுத்த வாக்கு. மழை பெய்தது, நிலம் குளிர்ந்தது, நெல் விளைந்தது. இரு பெருமக்களும் மேலும் காசு வேண்டி நிற்கவில்லை. இறைவனிடம் விடைபெற்றுக்கொண்டு, வழியிலுள்ள தலங்களை வணங்கியபடி திருமறைக்காட்டை நோக்கி நடந்தார்கள். உழவாரம் அப்பர் தோளிலேயே இருந்தது.